வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் தண்ணீரைக் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்கள், இரண்டு சின்ன நீல மீன்கள், மற்ற மீன்களின் உடம்பில் ஏறிச் சுத்தம் செய்யும் ஒரு இறால், கண்ணாடியை மேயும் நத்தைகள். அவ்வளவுதான் குடித்தனம். முதல் ஆண்டில் மட்டும் ஆறு மீன்களைப் பறிகொடுத்தேன். பிறகு ஒருநாள் என் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் ஒன்று பிடிபட்டது. அந்த ஆறு சாவுக்கும் முந்தைய இரண்டு மூன்று நாளில் நான் தண்ணீரில் எதையாவது பெரிதாக மாற்றியிருந்தேன். ஒருமுறை மொத்தமாக நல்ல தண்ணீர் ஊற்றினேன், ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினேன், ஒருமுறை வடிகட்டியை அடியோடு கழுவினேன்.

பவளப்பாறை மீன் பிறந்து வளரும் கடலில், ஒரு நாளுக்குள் உப்போ வெப்பமோ பெரிதாக ஏறி இறங்குவதில்லை. அந்த மீனுக்கு மாற்றமே பழக்கமில்லை. கொஞ்சம் குறையுள்ள தண்ணீர் அசையாமல் இருந்தால்கூடத் தாங்கிவிடும், அருமையான தண்ணீராக இருந்தாலும் ஒரே மணி நேரத்தில் மாறினால் தாங்காது. கீழே வரும் எல்லாப் படிகளையும் இதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

என் தொட்டியின் கொள்ளளவு கணக்குப்படி 190 லிட்டர். மணலும் கல்லும் இடம் பிடித்தது போக 160 லிட்டர். கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப்பில், அதாவது மோட்டாரும் வடிகட்டியும் இருக்கும் துணைத் தொட்டியில், 40 லிட்டர். ஆக 200 லிட்டர். உங்கள் தொட்டிக்கும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இனி எதைச் சேர்த்தாலும் இந்த எண்ணை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

படி 1: எந்தத் தண்ணீர்?

பாதித் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. சென்னை வீடுகளில் மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாம் ஒரே நிலத்தடித் தொட்டியில் கலந்துதான் மாடிக்கு ஏறுகின்றன. அதில் குளோரின் இருக்கலாம், சுண்ணாம்பு இருக்கலாம், பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் இருக்கலாம். போன மாதம் இருந்த அளவு இந்த மாதம் இருக்காது. இந்தத் தண்ணீரில் உப்பைக் கலந்தால், உப்புப் பையில் அச்சிட்டிருக்கும் அளவுகளுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

தேவை ஆர்.ஓ. தண்ணீர். அதையும் டி.ஐ. ரெசின் குப்பி (மிச்ச உப்புகளைப் பிடிக்கும் மணிகள் நிறைந்த குப்பி) வழியாக விட்டு, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவு) பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த தண்ணீர். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தையே பயன்படுத்தலாம், ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பல இயந்திரங்களில் சுவைக்காக, ஆர்.ஓ. சவ்வில் வடியாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கிறார்கள். அதற்கு உள்ளே ஒரு சிறு திருகு இருக்கும். கூடவே தாதுக் குப்பி ஒன்றும் இருக்கும். என் இயந்திரத்தில் குழாயில் வந்த தண்ணீர் 90 காட்டியது. சவ்விலிருந்து வெளிவரும் டியூபிலேயே பிடித்துப் பார்த்தால் 25. அந்த இடத்தில் ஒரு டி பிரிப்பு போட்டு, அங்கிருந்து ரெசின் குப்பிக்குக் கொண்டுபோனேன். சர்வீஸ் செய்ய வருபவரிடம் சொன்னால் அரை மணி நேர வேலை.

சவ்வு நன்றாக இருந்தால் உள்ளே போகும் உப்பில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை நிறுத்தும். போர் தண்ணீர் 1000 என்றால் வெளியே 50 வரும். அந்த 50-ஐயும் ரெசின்தான் பிடிக்க வேண்டும், அதனால் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். ரெசினுக்குப் பின்னால் வரும் தண்ணீரை வாரம் ஒருமுறை டி.டி.எஸ். பேனாவால் பாருங்கள். 0 என்பது 2 அல்லது 3 ஆனாலே ரெசினை மாற்றுங்கள். தீர்ந்துபோன ரெசின் தான் பிடித்துவைத்ததில் சிலவற்றைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும். கார்பன் குப்பியையும் காலத்தில் மாற்றுங்கள். குளோரினை நிறுத்துவது அதுதான். அது தீர்ந்தால் சவ்வும் கெடும்.

கேன் தண்ணீர் கூடாதா என்று கேட்பார்கள். ஒரு கேன் 30 காட்டும், அடுத்தது 110 காட்டும். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வழக்கமாக்கிவிடாதீர்கள்.

அடுத்த கேள்வி: கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, இரண்டு குடம் மொண்டு வந்தால் என்ன? அடையாறும் கூவமும் கலக்கும் கரையில் மொள்ளும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 2019 கடைசியில் மழைக்குப் பிறகு மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரையெங்கும் வெண்ணுரை குவிந்தது நினைவிருக்கலாம். அதில் கழிவுநீரின் பங்கு இருந்தது. இன்னொன்று உப்பு. கிருஷ்ணா, கோதாவரி என்று வங்கக்கடலில் விழும் ஆறுகளின் நன்னீர், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மொண்ட தண்ணீரும் சித்திரையில் மொண்ட தண்ணீரும் ஒரே உப்பில் இருக்காது. வாராவாரம் ஒரே மாதிரி தண்ணீர் தேவைப்படும் நமக்கு இது ஒத்துவராது.

படி 2: உப்பைக் கலப்பது

தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பும் கடலிலிருந்துதானே வருகிறது, அதைப் போட்டால் என்ன என்று என் மாமா கேட்டார். நல்ல கேள்விதான். உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படிகிறது, பிறகு ஜிப்சம். அதற்கப்புறம்தான் நாம் வாருகிற உப்பு. மக்னீசியமெல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே கைக்கு வரும் கல்லுப்பு பெரும்பாலும் வெறும் சோடியம் குளோரைடு. மீனுக்கும் நத்தைக்கும் இறாலுக்கும் தேவையான கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை எதுவும் அதில் போதுமான அளவு இருக்காது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வாங்க வேண்டும். செலவுதான், வேறு வழியில்லை.

லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை பிடிக்கும், கலவையைப் பொறுத்து மாறும். 20 லிட்டர் வாளிக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் முதலில் தண்ணீர், அதில் சிறு மோட்டாரை ஓடவிட்டு, பிறகு உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். உப்பைக் கொட்டி வைத்துவிட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றினால், அடியில் செறிவு மிகுந்து சுண்ணாம்பு வெண்பொடியாகப் படிந்துவிடும். படிந்தது எளிதில் திரும்பக் கரையாது. இரவு கலந்துவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்.

இலக்கு 35 பி.பி.டி. உப்புத்தன்மை (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026. அளக்க ரெஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் கருவியில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினால்கூடக் கணக்கு தவறிவிடும். ரெஃப்ராக்டோமீட்டரையும் வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டு நம்பாதீர்கள். அளக்கப்போகும் இடமான 35-லேயே சரிபாருங்கள். அதற்கான திரவம் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் உலர்ந்த தூள் உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் டி.டி.எஸ். பூஜ்யத் தண்ணீரில் கரைத்தால், அது கருவியில் 35 பி.பி.டி. கடல்நீர் போலவே காட்டும். என் கருவி மூன்று மாதத்தில் 2 பி.பி.டி. நகர்ந்திருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

படி 3: பாக்டீரியா குடியேறும் வரை காத்திருங்கள்

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் ஒட்டி வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விடாதீர்கள். கடல்நீரின் பி.எச். 8.2 பக்கம் நிற்பதால், அம்மோனியாவில் நஞ்சான பங்கு, பி.எச். 7-ல் இருக்கும் நன்னீர்த் தொட்டியைவிடப் பத்து மடங்குக்கு மேல். நன்னீர் மீன் தாங்கிக்கொண்ட அளவு கடல் மீனின் செவுளைத் தீய்த்துவிடும்.

தொட்டியில் உப்புத் தண்ணீர், கல், மணல் எல்லாம் போட்டு மோட்டாரை ஓடவிடுங்கள். அம்மோனியம் குளோரைடு கரைசலை, அம்மோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை சேருங்கள். கிடைக்கவில்லை என்றால் உரித்த இறால் துண்டு ஒன்றைத் துணியில் கட்டிப் போட்டாலும் வேலை நடக்கும், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குப்பியில் விற்கும் பாக்டீரியாவைச் சேர்த்தால் நாட்கள் குறையலாம். 2 பி.பி.எம். சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். நைட்ரைட் இருக்கும் நாட்களில் நைட்ரேட் சோதனை வீணாகக் கூட்டிக் காட்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

கல் பற்றி ஒரு வார்த்தை. பவளக் கல் நல்ல வடிகட்டிதான், ஆனால் நம் கடலிலிருந்து அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்களை 2001-ல் சேர்த்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த வடு இன்னும் ஆறவில்லை. யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். நுண்துளை உள்ள பீங்கான் கட்டிகளும் செயற்கைக் கற்களும் பாக்டீரியாவுக்குப் போதும், என் தொட்டி முழுக்க அவைதான். மீனிலும் அப்படியே. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பண்ணையில் பிறந்த குஞ்சுகள் தொட்டித் தண்ணீருக்கும் தீனிக்கும் எளிதில் பழகுகின்றன.

படி 4: ஆவியாகும் தண்ணீரை ஈடுசெய்தல்

தினமும் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான், அதிகமாகத் தவறுவதும் இதில்தான். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு கூடவே போகாது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். குறைகிறதே என்று உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனவர்களின் தொட்டியில் 40 பி.பி.டி.க்கு மேல் பார்த்திருக்கிறேன்.

கோடையில் மின்விசிறிக் காற்று மேலே படும்போது என் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் போகிறது. ஒரு நாள் விட்டால் 35 என்பது 35.7 ஆகும். மூன்று நாள் விட்டால் 12 லிட்டர் குறைந்து 37.2. இந்த ஏற்றம் மெதுவாக நடக்கிறது, மீன் ஒருவாறு தாங்கும். ஆபத்து அதற்கப்புறம்தான். ஊரிலிருந்து திரும்பி வந்து, பதறிப்போய், 12 லிட்டர் நல்ல தண்ணீரையும் ஒரே மூச்சில் ஊற்றுகிறோம். பத்து நிமிடத்தில் 2 பி.பி.டி.க்கு மேல் இறங்குகிறது. மீன் பிழைத்தாலும் இறாலும் நத்தையும் பிழைப்பது கடினம். உடம்பு உப்பைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அவற்றுக்கு இல்லை. என் முதல் இறால் இப்படித்தான் போனது. நீங்கள் அப்படி மாட்டிக்கொண்டால், அந்த 12 லிட்டரை ஒரு நாள் முழுக்கப் பிரித்து, மணிக்கு அரை லிட்டராகச் சொட்டவிடுங்கள்.

சம்ப் இருந்தால் மேல் தொட்டியில் மட்டம் மாறாது, குறைவதெல்லாம் கீழே மோட்டார் இருக்கும் அறையில்தான் தெரியும். அங்கே சரியான மட்டத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டிவையுங்கள். காலையில் பல் துலக்கிவிட்டு வந்ததும் அந்தக் கோடுவரை ஊற்றுவது என் வழக்கம். மட்டம் குறைந்ததும் தானாக ஊற்றும் கருவியும் கிடைக்கிறது, வசதிதான். ஆனால் அதன் சேமிப்பு டப்பா பெரிதாக இருக்கக் கூடாது. சென்சார் சிக்கி மொத்தத்தையும் ஊற்றிவிட்டாலும் 10 லிட்டர் டப்பா என்றால் 200 லிட்டர் தொட்டி 33-க்குத்தான் இறங்கும். 40 லிட்டர் டிரம் வைத்திருந்தால் கதை முடிந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, ஒரு நாளைக்கு ஒன்றாக அளந்து நிரப்பிய பாட்டில்களைக் கிழமை எழுதி வரிசையாக வைத்துவிட்டுப் போகிறேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து ஊற்றுவார். தீனியும் அப்படியே, சின்னச் சின்னப் பொட்டலமாக. தீனி டப்பாவை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

படி 5: வெப்பம், காற்று, மின்வெட்டு

25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது. சென்னையில் மே மாதம் தொட்டி தானாகவே 31, 32-க்குப் போகும். கடல்நீரில் நன்னீரைவிட ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 25 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும்போது, கடல்நீரில் 6.7 அளவுதான். 30 டிகிரியில் இன்னும் இறங்கி 6.2 பக்கம் வரும். அதே வெப்பத்தில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டியிருக்கிறது. ஆகவே கோடையில் மேற்பரப்பு அலைபாய்ந்துகொண்டே இருக்கும்படி மோட்டாரின் முகத்தைத் திருப்பி வையுங்கள்.

சிறு மின்விசிறியைத் தண்ணீர் மேல் வீசவிட்டால் இரண்டு டிகிரி வரை இறங்கும், புழுக்கமான நாளில் அவ்வளவு வேலை செய்யாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் கடைசியில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கத்தான் வேண்டியிருக்கும் என்பது என் அனுபவம். ஐஸ் கட்டியைப் பையில் போட்டு மிதக்கவிடுவது வெப்பத்தை மேலும் கீழும் ஆட்டுவதில்தான் முடியும்.

மின்சாரம் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். வீட்டு இன்வெர்ட்டரில் அலை மோட்டாரை மட்டும் இணைத்துவிடுங்கள், பத்துப் பதினைந்து வாட்தான். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றையும் அலமாரியில் வைத்திருங்கள். மோட்டார் நின்றதும் மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். அதற்கு இடம் விட்டிருக்கிறீர்களா என்று ஒருநாள் நீங்களே சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு ஏறட்டும். அப்போது வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும்.

படி 6: அழுக்கை அழுகும் முன்பே எடுங்கள்

மெரினா நுரையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? புரதக் கழிவு நீர்க்குமிழின் மேல் ஒட்டிக்கொள்வதால்தான் அப்படி நுரை நிற்கிறது. ஸ்கிம்மர் என்ற கருவி அதையேதான் ஒரு குழாய்க்குள் செய்கிறது. நுண்குமிழ்களைத் தண்ணீரில் கலந்து, மேலே ஏறும் அழுக்கு நுரையைக் கோப்பையில் பிடிக்கிறது. அம்மோனியா ஆவதற்கு முன்பே கழிவை வெளியே எடுக்கிறது என்பதால், என்னைக் கேட்டால் முதல் பணத்தை இதில்தான் போட வேண்டும். கோப்பையின் கழுத்தில் பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது, இரண்டு நாளைக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

வடிகட்டிப் பையை மூன்று நான்கு நாளுக்கு மேல் விடாதீர்கள். அதில் சிக்கிய அழுக்கும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. பீங்கான் கட்டிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய உப்புத் தண்ணீரிலேயே, ஒரு வாரம் பாதி, மறு வாரம் மீதி என்று அலசுங்கள்.

உறைய வைத்த இறால் தீனியைப் போடுமுன் டீ வடிகட்டியில் வைத்து ஆர்.ஓ. தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். அந்தச் சாற்றில்தான் பாஸ்பேட் அதிகம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் வேண்டாம்.

படி 7: வாராவாரம் தண்ணீர் மாற்றுதல்

வாரம் 10 விழுக்காடு, அதாவது எனக்கு 20 லிட்டர். ஞாயிறு காலை செய்கிறேன். முந்தின இரவே உப்பைக் கலந்து, மோட்டாரும் தேவையானால் ஹீட்டரும் போட்டுவிடுவேன். காலையில் புதுத் தண்ணீரின் உப்பு தொட்டியோடு 1 பி.பி.டி.க்குள், வெப்பம் 1 டிகிரிக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். ஒத்துப்போகாவிட்டால் அன்று மாற்றுவதில்லை, சரிசெய்து மாலையில் மாற்றுவேன்.

அப்புறம் ஹீட்டரையும் மோட்டார்களையும் அணைத்துவிட்டு, டியூபை வைத்து மணல் மேலும் கல் இடுக்கிலும் தங்கிய வண்டலை உறிஞ்சி எடுங்கள். வெறும் தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்றுவதில் பாதிப் பயன்தான். புதுத் தண்ணீரைச் சம்ப்பில் மெதுவாக ஊற்றி, எல்லாவற்றையும் மீண்டும் ஓடவிடுங்கள். ஹீட்டர் முழுகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

நைட்ரேட் 40 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு மாற்றினால் 36 ஆகும், அவ்வளவுதான். நான்கு வாரம் மாற்றினாலும், இடையில் புதிதாக ஒன்றும் சேராவிட்டால்கூட, 26-க்குத்தான் வரும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஒரே நாளில் 60 விழுக்காடு மாற்றிவிடத் தோன்றும். மாற்றாதீர்கள். இறங்காத நைட்ரேட்டுக்குக் காரணம் தீனியிலோ மீன் எண்ணிக்கையிலோ ஸ்கிம்மரிலோ இருக்கும், அதைத் தேடுங்கள்.

படி 8: எதை, எப்போது அளப்பது?

உப்பும் வெப்பமும் தினமும் பார்க்கலாம். அம்மோனியா புதுத் தொட்டியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை. பழகிய தொட்டியில் புது மீன் விட்ட வாரத்திலும், ஏதாவது ஒன்று தீனி எடுக்காமல் ஒதுங்கும்போதும். அது பூஜ்யமாகவே இருக்க வேண்டும். கடல்நீரில் உள்ள குளோரைடு நைட்ரைட்டை மீனின் செவுளுக்குள் எளிதில் நுழையவிடாது, ஆகவே நைட்ரைட் கொஞ்சம் தெரிந்தால் நன்னீர்த் தொட்டி அளவுக்குப் பயம் வேண்டாம்.

மீன் மட்டும் இருக்கும் தொட்டியில் நைட்ரேட் 20 பி.பி.எம்.க்குள், பாஸ்பேட் 0.1-க்குள் வைத்திருக்கப் பார்க்கிறேன். இரண்டையும் பூஜ்யமாக்கிவிட வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். அப்படிச் சுரண்டி எடுத்த தொட்டியில்தான் பழுப்புச் சளி மாதிரி டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பரவும், அதை விரட்டுவது பெரும்பாடு. புதுத் தொட்டியில் முதல் மாதம் மணல்மேல் படியும் பழுப்புத் தூள் வேறு. அது டயாட்டம் என்ற நுண்பாசி, சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போய்விடும்.

காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 420 பி.பி.எம்., மக்னீசியம் 1300 பி.பி.எம். என்பது இயற்கைக் கடல்நீருக்கு நெருக்கம். பவளம் இல்லாத தொட்டியில் வாராந்திர நீர் மாற்றமே இவற்றைக் காக்கும். காரத்தன்மையை மட்டும் இரு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், குறைந்தால் ஆப்பசோடா போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டி.கே.எச். ஏறும். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் இருக்கும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 டி.கே.எச்.க்கு மேல் ஏற்றாதீர்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பி.எச். 8.0-க்குக் கீழே வந்தால் உடனே மருந்து தேடாதீர்கள். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் ஒரு மணி நேரம் காற்று அடியுங்கள். பி.எச். ஏறினால் குற்றம் தண்ணீரில் இல்லை. ஏசி போட்டு மூடிய அறையில் ஆட்கள் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயு கரைந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தாலோ, ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டாலோ சரியாகிவிடும்.

சோதனைக் குப்பிகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் அளந்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு எண் தனியாக ஒன்றும் சொல்லாது, எட்டு வாரத்து எண்கள் சேர்ந்தால் நிறையச் சொல்லும்.

படி 9: வீட்டுக்குள்ளிருந்து வரும் நஞ்சு

இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கொசுவர்த்தியிலும், பிளக்கில் சொருகும் கொசு மருந்துத் திரவத்திலும் இருப்பது பைரெத்ராய்டு வகை. மனிதனுக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது, மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. ஸ்கிம்மர் அறைக் காற்றை நாள் முழுக்கத் தண்ணீருக்குள் இழுத்துக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. தொட்டி இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்க வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, அரை மணி நேரம் ஸ்கிம்மரை நிறுத்துங்கள். வீட்டுக்கு வண்ணம் அடிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். அந்த நாட்களில் சம்ப்பில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்று போட்டுவைக்கிறேன்.

கையை விடுமுன் முழங்கைவரை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சோப்பு, சானிடைசர், தேங்காய் எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. செம்புப் பாத்திரம், பித்தளைக் குடம் இவற்றில் தொட்டித் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கொடுக்க நேர்ந்தால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கொடுங்கள். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் செத்துப்போகும், கல்லில் ஒட்டிய செம்பு பின்னாலும் கசிந்துகொண்டே இருக்கும்.

படி 10: அம்மோனியா ஏறிவிட்டால்

மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, செவுள் வேகமாக அடிக்கிறது, தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கிறது. இதைப் பார்த்தால் முதலில் காற்று மோட்டாரைப் போடுங்கள், பிறகு சோதியுங்கள். அம்மோனியா 0.25 பி.பி.எம். காட்டினாலே தீனியை நிறுத்துங்கள். எல்லா மீனையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும், தேடி எடுங்கள். அம்மோனியாவைக் கட்டும் மருந்தை அட்டையில் சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள். அதை ஊற்றிய பிறகும் பல சோதனைக் குப்பிகள் கட்டிய அம்மோனியாவையும் சேர்த்தே காட்டும், அதற்காக இரண்டாம் முறை ஊற்ற வேண்டாம்.

பெரிய அளவில் தண்ணீர் மாற்ற நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சமயம் இது, 30 விழுக்காடு வரை. அப்போதும் உப்பும் வெப்பமும் ஒத்துப்போக வேண்டும். மெதுவாக, அரை மணி நேரம் எடுத்து ஊற்றுங்கள். அம்மோனியா ஏறுவது பெரும்பாலும் கடை மூடிய இரவு பத்து மணிக்குத் தெரியவரும். அதனால்தான் எங்கள் வீட்டுப் பால்கனியில் மூடியிட்ட டிரம்மில் 60 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரும், அலமாரியில் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டரைக் கிலோ உப்பும் எப்போதும் இருக்கும். எடுத்துப் பயன்படுத்தினால் மறுநாளே நிரப்பிவிடுவேன்.